மயிலம்மாளின் திதி

நான் எழுதியதிலிருந்து ஒரே ஒரு வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது வரம் கொடுத்தால், 'அமாவாசை' என்கிற வார்த்தையை எடுத்துக்கொள்வேன். அந்தப் புத்தகத்தில் அதைவிடப் பெரிய பொய் ஒன்று இருந்தது. ஆனால் அது பாட்டுக்கு யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. இந்தச் சனியன் பிடித்த அமாவாசைதான் என்னை இழுத்துக்கொண்டு போய் ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்துப் படியில் உட்கார வைத்தது.

என் பெயர் இருதயமேரி. பாலக்கரையில் மாதா கோயிலுக்குப் பின்னால் குடியிருக்கிறேன். ஐம்பத்தேழு வயது, சர்க்கரை உண்டு, கோபம் அதைவிடக் கூடுதல். கொரோனா வந்து ஊரைப் பூட்டிய வருஷம் நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தேன். பஸ் இல்லை, ரயில் இல்லை, ஹாஸ்டலில் அரிசியும் தீர்ந்துபோனது. அங்கே சமையல் செய்துகொண்டிருந்த மயிலம்மாள் அக்காவும் நானும் திருச்சிக்கு நடந்தே கிளம்பினோம். அந்த நடையைத்தான் 'செருப்பறுந்த சாலை' என்று எழுதினேன். எட்டாவது வரை படித்தவள் எழுதியதா என்று ஆச்சரியப்பட்டே பாதிப் பேர் வாங்கினார்கள். அப்புறம் வேளாங்கண்ணிக்கு நடந்ததை எழுதினேன். பூண்டி மாதா கோயிலுக்கு நடந்ததை எழுதினேன். காலேஜ்களில் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். 'நடைக்கார அம்மா' என்று பேராகிவிட்டது. கரூர் ரோட்டில் மட்டும் நான் மறுபடி நடக்கவே இல்லை. ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

செருப்பறுந்த சாலையின் கடைசி அத்தியாயத்தில் மயிலம்மாள் அக்கா சாகிறாள். பேட்டவாய்த்தலை தாண்டி ஒரு பஸ் ஸ்டாப் நிழற்குடையில், ஏப்ரல் எட்டாம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு, என் மடியில் சாகிறாள். நான் பாட்டிலில் இருந்த கடைசித் தண்ணீரை அவள் வாயில் ஊற்றுகிறேன். ஊர்க்காரர்கள் நாலு பேர் வந்து ஆற்றங்கரையில் அடக்கம் செய்கிறார்கள். படித்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தில்தான் அழுதோம் என்பார்கள். கூட்டங்களில் அந்த இரண்டு பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். நானும் வெட்கமில்லாமல் வாசிப்பேன், சரியான இடத்தில் குரலும் உடையும்.

அதில்தான் 'அமாவாசை இருட்டு' என்று ஒரு வரி வருகிறது. நான் முதலில் எழுதிக் கொடுத்தது நிலா வெளிச்சம் என்றுதான். பதிப்பகத்து அமிர்தராஜ் சார் படித்துவிட்டு, "சாவு நடக்குற எடத்துல நெலா பளபளன்னு அடிச்சா எடுபடாதுங்கம்மா. அமாவாசைன்னு போட்டுடுங்க" என்றார். போட்டேன். வேதக்காரி எனக்கு அமாவாசை என்றால் இருட்டு, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குத் தேதி பார்த்துப் பூசை வைப்போம், நவம்பர் இரண்டாம் தேதி கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்துவோம். நிலாவின் கணக்கில் காரியம் செய்கிற ஒரு குடும்பம் உட்கார்ந்து அந்த வரியைப் படிக்கும் என்று எனக்கு எங்கே தோன்றும்?

மயிலம்மாள் அக்காவின் மகன் ராமர் போன வருஷம் மார்ச்சில் முதல் தடவையாக என் வீட்டுக்கு வந்தான். வழியெல்லாம் அவள் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்த அதே ராமர். ஊரைப் பூட்டியபோது அவன் மஸ்கட்டில் டிரைவராக இருந்தான். விமானம் விட்டு ஊர் வந்து சேர ஏழெட்டு மாசம் ஆகிவிட்டது. வந்தவன் அம்மாவைத் தேடியிருக்கிறான். திருப்பூர் போயிருக்கிறான், போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறான், ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், கோயில் வாசல் என்று ஒன்று விடவில்லை. மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் லாரி ஓட்ட ஆரம்பித்த பிறகு, லோடு இறக்கப் போகிற ஊரிலெல்லாம் போட்டோவைக் காட்டிக் கேட்டிருக்கிறான். இப்படியே மூன்று வருஷம். அப்புறம் அவன் மனைவி பவித்ராவின் கையில் லைப்ரரியில் என் புத்தகம் கிடைத்தது. உண்மையை எழுதுகிறவள் பேரை மாற்றுவாளா என்ற வீறாப்பில் நான் மயிலம்மாள் என்ற பேரையே போட்டிருந்தேன், ஊர்ப் பேரையும் போட்டிருந்தேன். மகன் பேரையும்தான்.

இரண்டு பேரும் பத்துக் கிலோ பொன்னி அரிசிப் பையோடு வாசலில் நின்றார்கள். உள்ளே வந்ததும் பவித்ரா தரையில் உட்கார்ந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். "எங்க அத்தை உயிரு இங்கதானே போச்சு" என்று அழுதாள். நான் என்ன செய்வேன்? அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். தடவிக் கொடுத்த இந்தக் கை ஒன்றும் அழுகிப் போகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

"அநாதையாச் செத்திருக்குமோன்னு நெனச்சு நெனச்சுத் தூக்கமே இல்லைங்கம்மா" என்றான் ராமர். "நீங்க பக்கத்துல இருந்திருக்கீங்க. அது போதும் எனக்கு."

அன்றோடு அவன் தேடுவதை நிறுத்திவிட்டான். ரேஷன் கார்டில் அம்மா பேரை எடுக்க எழுதிக் கொடுத்தான். ஏப்ரல் எட்டாம் தேதி ஸ்ரீரங்கத்துக்குப் போய் அம்மா மண்டபத்தில் திதி கொடுத்தான். பாருங்கள் கூத்தை, போன வருஷம் ஏப்ரல் எட்டாம் தேதியும் அமாவாசையும் ஒரே நாளில் விழுந்து தொலைத்தன. புத்தகத்தில் இருந்த தேதியும் சரி, புத்தகத்தில் இருந்த அமாவாசையும் சரி என்றாகிவிட்டது. ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

இந்த வருஷம் மார்ச் மூன்றாவது வாரம் அவன் மறுபடி வந்தான். இந்தத் தடவையும் அரிசிப் பை. காபி போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஒரு சின்ன விஷயம் கேக்கணும்."

"சொல்லுங்க தம்பி."

"இந்த வருஷம் அமாவாசை மார்ச்சு இருவத்தொம்பதுன்னு ஐயரு சொன்னாரு. எங்கம்மா எறந்தது ஏப்ரல் எட்டாச்சே சாமின்னேன். எந்த வருஷம்னு கேட்டு, பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தாரு. அன்னைக்கு அமாவாசையே இல்லையாம்மா. பங்குனிப் பௌர்ணமியாம். நெலா முழுசா இருந்த நாளாம்."

மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் முகத்தில் சந்தேகமே இல்லை. கணக்கு தப்பாகப் போய் வாத்தியாரிடம் கேட்க வந்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தான்.

"எது சரிங்கம்மா? தேதி தப்பா, அமாவாசை தப்பா?"

அவனே பேசினான்.

"போன வருஷம் வேற நாள்ல குடுத்துட்டேன் போலருக்கு. நாள் மாறிப்போனா அது அவங்களுக்குப் போய்ச் சேராதாம். அப்ப ஒரு வருஷம் முழுக்க அம்மா பட்டினியாத்தானே இருந்திருக்கும்?"

எனக்குக் கோபம் வந்தது. குற்றம் செய்தவளுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அது மற்றவர்கள் கோபத்தைவிட இரண்டு மடங்கு சத்தம் போடும்.

"அது எழுத்து தம்பி. எழுத்துல அப்படி இப்படித்தான் வரும். இருட்டுன்னு சொல்றதுக்காக அமாவாசைன்னு ஒரு பேச்சுக்குப் போட்டது. பௌர்ணமின்னே வச்சுக்குங்க."

"வச்சுக்கறதுன்னா?"

"பௌர்ணமிதான்! நெலா இருந்துச்சு. பட்டப்பகல் மாதிரி இருந்துச்சு. போதுமா?"

"கோவிச்சுக்காதீங்கம்மா" என்று அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். அவன் என்னிடம். அப்புறம் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப இந்த வருஷம் ஏப்ரல் பன்னண்டு வருது. நீங்களும் வரணும்மா. கடைசியா வாயில தண்ணி ஊத்துனது நீங்க. நீங்க பக்கத்துல உக்காந்தா அம்மாவுக்குத் திருப்தியா இருக்கும்" என்றான்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரேன் என்றுதான் வந்தது.

அது தவக்காலம். ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். நாலு வருஷமாக ஒவ்வொரு தவக்காலமும் அந்தத் தட்டிக்கு இந்தப் பக்கம் முழங்கால் போட்டு, "பொய் சொன்னேன் சாமி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்ன பொய் என்று சாமியார் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொல்வார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சோறு வடிப்பேன். இந்த வருஷம் அந்த வரிசையில் போய் நின்றுவிட்டு, என் முறை வருவதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் பன்னிரண்டு சனிக்கிழமை. மறுநாள் குருத்து ஞாயிறு. நான் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டி அம்மா மண்டபத்தில் இறங்கியபோது மணி எட்டரை இருக்கும். கூட்டம் அதிகமில்லை. காவிரியில் மணல்தான் தெரிந்தது, ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. ராமர் தலையை மழித்துக்கொண்டு, நனைந்த வேட்டியோடு படியில் உட்கார்ந்திருந்தான். எதிரே வாழை இலையில் எள், தர்ப்பை, பிசைந்து உருட்டின பச்சரிசிப் பிண்டம். பவித்ரா வீட்டில் படையலுக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறாள் என்றான்.

ஐயருக்கு என் வயதுதான் இருக்கும். செல்போனை இடுப்பு வேட்டியில் செருகியிருந்தார். "இவாதான் கூட இருந்தவாளா?" என்று கேட்டார்.

"ஆமா சாமி. இவங்க மடியிலதான் உயிர் போச்சு."

"புண்ணியம் பண்ணினவா. உட்காருங்கோம்மா."

புண்ணியம் என்று அவர் சொன்னதும் எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. உட்கார்ந்தேன்.

அம்மா பேர் கேட்டார். மயிலம்மாள் என்றான். கோத்திரம் கேட்டார். தெரியவில்லை என்றான். "சிவகோத்திரம்னு சொல்லிக்கலாம்" என்றவர், உடனே மந்திரத்தை ஆரம்பிக்கவில்லை. மடியிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு தெளிவாத் தெரியணும்மா. அன்னிக்குப் பௌர்ணமி காலம்பற எட்டு மணி வரைக்கும்தான் இருந்திருக்கு. அதுக்கப்புறம் பிரதமை வந்துடறது. எட்டு மணிக்கு முன்னாடி பிராணன் போயிருந்தா இன்னிக்குப் பண்றது சரி. பின்னாடின்னா நாளைக்குத்தான் பண்ணணும். நன்னா ஞாபகப்படுத்திண்டு சொல்லுங்கோ."

"அஞ்சு மணின்னு புத்தகத்துல எழுதியிருக்காங்க சாமி" என்றான் ராமர்.

"எழுத்து கெடக்கட்டும்பா. அதுல அமாவாசைன்னும்தான் இருந்தது. கண்ணால பார்த்தவா வாயால சொல்லட்டும்."

ஐந்து மணி என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? இரண்டே வார்த்தை. மேடை மேடையாகச் சொன்னதுதானே. சொல்லிவிட்டால் அவர் மந்திரம் சொல்வார், அவன் எள்ளும் தண்ணீரும் இறைப்பான், நான் பதினொரு மணிக்குள் வீட்டுக்குப் போயிருப்பேன். சொல்லத்தான் இருந்தேன். அப்போதுதான் அவன் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"சரியாப் பார்த்துச் சொல்லுங்கம்மா. போன வருஷமே அம்மா பட்டினி. இந்த வருஷமும் அப்படி ஆயிடக் கூடாது."

"எனக்குத் தெரியாது தம்பி" என்றேன்.

"மணி தெரியலையா?"

"நான் பார்க்கல."

"தூங்கிட்டீங்களா?" என்று கேட்டான். பாவி, அவனே எனக்கு வழி எடுத்துக் கொடுத்தான். ஆமாம், அசதியில் தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"தூங்கல. நான் அங்க இல்ல. உங்கம்மாவை விட்டுட்டு வந்துட்டேன்."

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். ராமர் அசையவில்லை. ஒரு தடவை வாயைத் திறந்த பிறகு எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

ஐந்து நாள் நடந்தோம். அதில் பொய்யில்லை. காங்கேயம் வரை நான்தான் வேகமாக நடந்தேன். வெள்ளக்கோவிலில் என் செருப்பு அறுந்தது. சுடுதாரில் இரண்டு எட்டு வைத்துப் பார்த்துவிட்டு நான் ரோட்டோரம் உட்கார்ந்து ஓ என்று அழுதேன். மயிலம்மாள் அக்கா தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் போட்டாள். "எந்திரி மேரி, ஒப்பாரி வச்சா ஊரு கிட்ட வந்துடுமா? கொஞ்ச தூரம் நீ போட்டுக்க, கொஞ்ச தூரம் நான் போட்டுக்கறேன்" என்றாள். தன் சேலைத் தலைப்பைக் கிழித்துத் தன் காலில் சுற்றிக்கொண்டாள். கரூர் தாண்டி பைக்கில் வந்த ஒருத்தர் நிறுத்தி, வயசான அம்மாவை மட்டும் குளித்தலை வரை ஏற்றிக்கொள்கிறேன் என்றார். "வந்தா ரெண்டு பேரும்தான்" என்று அவள் சொல்லிவிட்டாள். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. பைக்காரர் கதை மட்டும் இல்லை. அதை எழுதினால் அடுத்ததையும் எழுத வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

குளித்தலையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இருமலும் வந்தது. அந்த ஏப்ரலில் இருமல் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். பேட்டவாய்த்தலை தாண்டி நிழற்குடையில் படுத்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. நான் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். என் மகள் ஷெர்லின் பாலக்கரையில் நிறைமாசமாக இருந்தாள். அவளுக்கு நோயைக் கொண்டுபோகக் கூடாது என்று நினைத்ததாகத்தான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அப்புறம் நான் தேடிப் பிடித்த காரணம். அந்த நேரத்தில் என் உயிரைத் தவிர வேறு எதுவும் எனக்கு ஞாபகத்தில் இல்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. நிலா அப்படிக் காய்ந்தது. டிரைவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், அவள் இருமிக்கொண்டே புரண்டு படுப்பதையும் பார்த்தார். "ஒரு ஆளுன்னா ஏறுங்க. அந்தம்மா வேணாம்" என்றார். நான் ஏறிவிட்டேன். அவளை எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் "போ மேரி" என்று அவளே சொல்லியிருக்கக் கூடும். "என்ன விட்டுட்டுப் போயிடாத" என்றும் சொல்லியிருக்கக் கூடும். அதைச் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில்தான் எழுப்பவில்லை. லாரி ஜீயபுரம் தாண்டின பிறகு காலைப் பார்த்தேன். அவள் செருப்பு என் காலில் இருந்தது.

ஊருக்கு வந்து நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னையும் பிடித்துக்கொண்டு போய்த் தனியாக அடைப்பார்கள் என்று பயம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஜூன் மாசம் வந்துவிட்டது. பஸ் விட்டதும் போனேன். நிழற்குடை காலியாக இருந்தது. எதிரே பெட்டிக்கடை திறந்திருந்த பெண்ணிடம் கேட்டேன். "யாரோ பொம்பள கெடந்துச்சுன்னாங்க. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிட்டுப் போச்சுன்னு ஒருத்தர் சொன்னாரு, எந்திரிச்சு நடந்து போயிடுச்சுன்னு இன்னொருத்தர் சொன்னாரு. நான் அப்பக் கடையே தெறக்கலையே" என்றாள். அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை. செத்துவிட்டாள் என்று எங்காவது உறுதியாகத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்று வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

அப்புறம் கோயில் கூட்டம் ஒன்றில் என் நடையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கூட வந்தவங்க என்ன ஆனாங்க என்று யாரோ கேட்டார்கள். இறந்துட்டாங்க என்றேன். எப்படி என்றார்கள். என் மடியிலதான் என்றேன். எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன். அப்படித்தான் அவளை நான் கொன்றேன்.

எல்லாவற்றையும் படியில் உட்கார்ந்தபடி சொல்லி முடித்தேன். ஐயர் தர்ப்பையை எடுத்து ஓரமாக வைத்தார்.

"இதைக் கேட்டதுக்கப்புறம் நான் பண்ணி வைக்க மாட்டேன்ப்பா. உசிரோட இருக்கறவாளுக்குப் பிண்டம் வைக்கப்படாது. போயிட்டாள்னு சொல்றதுக்கு ஒருத்தரும் இல்லையே" என்று எழுந்து அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

ராமர் அந்தப் பிண்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னை அடிப்பான் என்று காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அடித்தால் தேவலை என்றிருந்தது. அந்தப் படித்துறையில் அத்தனை பேர் முன்னால் என் தலைமுடியைப் பிடித்து இழுத்திருந்தாலும் நான் கையைத் தூக்கியிருக்க மாட்டேன்.

அவன் திரும்பினான். கண் சிவந்திருந்தது.

"நீங்க லாரியில ஏறும்போது மூச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"கொறட்டை விட்டுக்கிட்டிருந்தாங்க தம்பி."

"கொறட்டையா?" அவன் முகம் அப்படியே மாறியது. "விடும். அது விடுற கொறட்டை பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்றவன், மழித்த தலையைத் தடவிக்கொண்டு சிரித்தான். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் ஓடியது. "காச்சல்தானே? வெறும் காச்சல்தானே?"

அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. அறுபது வயதுக்கு மேலானவள், செருப்புகூட இல்லாமல், காய்ச்சலோடு, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில். அதுவும் ஐந்து வருஷத்துக்கு முன்னால். நான் சொன்ன பொய்யில் அவனுக்கு ஒரு சாவாவது இருந்தது. நான் சொன்ன உண்மையில் அவனுக்கு அதுவும் இல்லை.

"தம்பி, அஞ்சு வருஷம் ஆயிடுச்சு. இனிமே அவங்க..."

"நீங்க பேசாதீங்க" என்றான். குரலை உயர்த்தவில்லை. 'ங்க'வைக்கூட விடவில்லை. "நீங்க சொன்னதை நம்பித்தான் ஒரு வருஷம் தேடாம உக்காந்துட்டேன். இனிமே அம்மாவைப் பத்தி நீங்க எதுவும் சொல்லாதீங்க."

அவன் சட்டையை எடுத்து ஈர உடம்பின்மேல் மாட்டிக்கொண்டான். பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்குப் பேசினான்.

"பவி, அம்மா போட்டோவுல போட்டிருக்க மாலையைக் கழட்டிடு... கழட்டுன்னு சொல்றேன்ல. வச்ச பொட்டையும் அழிச்சிடு. படையல் வேண்டாம், பிள்ளைங்களுக்குச் சோத்தைப் போட்டுடு."

போனில் பவித்ரா போட்ட கத்தல் எனக்கும் கேட்டது.

"என்னங்க, அத்தை கெடைச்சுட்டாங்களா?"

"இன்னும் இல்ல" என்றான். "நான் போய்க் கூட்டிட்டு வரேன்."